நான்கு வாரம் போதுமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டை மறுபடி படித்தேன். ஊர்ச்சபை வாரியத்தில் உட்கார வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. பராந்தக சோழன் காலத்திலேயே இவ்வளவு கண்டிப்பு. ஆனால் இன்று மரபணு ஆலோசனைக்கு, 1996-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி, மகப்பேறு மருத்துவருக்கோ குழந்தை மருத்துவருக்கோ 6 மாத அனுபவம் அல்லது 4 வாரப் பயிற்சி இருந்தாலே மையம் தொடங்கலாம். இதையே தொழிலாகப் படித்தவர்களுக்கு இந்திய மரபணு ஆலோசனை வாரியம் தரும் சான்று, விரும்பினால் பெறுவதுதான். தாய்மாமனைக் கட்டிக்கொண்டு, முதல் பிள்ளையைத் தலசீமியாவுடன் வளர்க்கும் பெண், அடுத்ததைப் பெறலாமா என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்பவரின் தகுதியைச் சட்டம் இன்னும் கறாராக வரையறுக்க வேண்டாமா? மையத்தோடு நிற்காமல் ஆலோசகரையும் அரசு பதிவு செய்யட்டும். அதுவரை, உங்களுக்குச் சோதனை முடிவை விளக்குபவரிடம் என்ன படித்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.