ஐசியுவில் எல்லோருக்கும் ஒரே டோஸா?

நெதர்லாந்தில் ஐடி வேலையில் இருக்கிறேன். போன வருடம் எங்களோடு தங்க வந்த மாமனார், நிமோனியா முற்றி ஐசியுவில் சேர்க்கப்பட்டார். "ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கிறது" என்றார்கள். தலையாட்டினேன். எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

மருந்தின் வழக்கமான அளவு சராசரி உடம்புக்குப் போட்ட கணக்கு. ஐசியு நோயாளியின் உடம்பு அதற்குள் அடங்காது. செப்சிஸில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு வீங்கும், மருந்து நீர்த்துப்போகும். ஒருவருக்குக் கிட்னி வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றும், கிருமி தப்பிக்கும். பக்கத்துக் கட்டிலில் கிட்னியே நின்றிருக்கும், அதே டோஸ் அங்கே நஞ்சாகும். 2014-இல் வெளிவந்த 'டாலி' ஆய்வு 10 நாடுகளில், 68 மருத்துவமனைகளில் நடந்தது. பென்சிலின் குடும்ப மருந்துகளைத் தொற்றுக்காகப் பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு, ரத்தத்தில் குறைந்தபட்சத் தேவைக்குக்கூட மருந்து இல்லை.

இதற்குத்தான் கணித மாடல். வயது, எடை, கிரியேட்டினின் கொடுத்தால் ஒரு டோஸ் சொல்லும். பிறகு ரத்தத்தில் மருந்தை அளந்து கொடுத்தால், அந்த ஒருவருக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வான்கோமைசினுக்கு 2020-இன் அமெரிக்க வழிகாட்டுதலே இந்த முறையைப் பரிந்துரைக்கிறது.

"அப்புறம் என்ன, எல்லா ஆஸ்பத்திரியிலும் சாப்ட்வேரைப் போட்டுவிடலாமே!" ஐடிக்காரனுக்கு முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் தோன்றியது. ஆனால் இதே நெதர்லாந்தில், 8 மருத்துவமனைகளில், 388 நோயாளிகளிடம் நடந்த 'டால்ஃபின்' ஆய்வு 2022-இல் வந்தது. மாடல் சொன்ன டோஸால் ஐசியுவில் இருக்கும் நாட்கள் குறையவில்லை.

அதனால் மாடலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. புது அளவீடு வராத மாடலும் சராசரியைத்தான் சொல்லும். ரத்தம் எடுத்து, அளந்து, புது டோஸ் கட்டிலுக்கு வருவதற்குள் முக்கியமான முதல் நாள் போய்விட்டால் என்ன பயன்? பல மருத்துவமனைகளில் இம்மருந்துகளை உடனே அளக்கும் வசதியே இல்லை. என்னைக் கேட்டால், முதல் செலவு ஆய்வகத்துக்கு, அப்புறம்தான் சாப்ட்வேருக்கு.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கே அப்பா அம்மாவுக்காக டாக்டரிடம் பேசுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். "கிட்னி எப்படி இருக்கிறது? அதற்கேற்ப டோஸை மாற்றினீர்களா? மருந்தின் ரத்த அளவைப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். டாக்டரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடாது. நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.