மழை நாளில் வீட்டுத் தோட்டம்

நீலகிரி ஜில்லாவில் எங்கும் ஒரே காலத்தில் மழை பெய்வதில்லை. கூடலூர், தேவாலா முதலிய மேற்குப் பகுதிகளுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றும், குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றும் பெருமழையைக் கொணர்கின்றன. எப்பருவமாயினும், மழை வலுத்தவுடன் கதவைச் சாத்திக் கணப்பருகே அமர்ந்துவிடுவது குடியானவர் வழக்கம். குளிர்ப் பிரதேசத்தில் இது குற்றமன்று. ஆயினும் கம்பளியைத் தலையிலிட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிவருபவர் அடையும் இன்பமும் பிரயோஜனமும் கணப்பருகே கிட்டுவனவல்ல.

பந்தலில் மேரக்காய்க் கொடி துளி சொட்டுவதும், பேரி மரத்துப் பாசி பசுமை கொள்வதும், கோஸ் இலைமேல் நீர் பாதரசம்போல் உருளுவதும் கண்ணுக்கு விருந்தே. இவற்றைக் கண்டு மகிழ்ந்தபின், பாத்தியை விட்டு வெளியேறும் நீரைச் சற்று நோக்கவேண்டும். அது தெளிந்து ஓடினால் கவலையில்லை. செந்நிறமாய்க் கலங்கி ஓடினால், இட்ட எருவும் மேல்மண்ணும் உடன் செல்கின்றன என்றறியலாம். வெயில் நாளில் எவ்வளவு கூர்ந்து நோக்கினும் இது புலப்படாது.

உருளைக்கிழங்குப் பயிரில்தான் சங்கடம் மிகுதி. நீர் தேங்கினால் கிழங்கு அழுகுமென்றஞ்சிப் பலர் பார்களை மேலிருந்து கீழாகச் சரிவின் போக்கிலேயே அமைக்கின்றனர். அச்சம் நியாயமானதே, செய்யும் பரிகாரமோ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதை ஒக்கும். சரிவுக்குக் குறுக்கே, சிறிதளவே வாட்டங்கொடுத்துப் பார் பிடித்து, அதன் முடிவில் புல் வளர்ந்த வாய்க்காலில் நீரை இறக்கினால் கிழங்கும் தப்பும். மண் போவதும் பெரிதும் குறையும். வாட்டம் மிகுதியா குறைவா என்பதை மழையே காட்டிக்கொடுக்கும். நீர் தேங்குமிடத்திலும் அரிக்குமிடத்திலும் ஒரு குச்சியை நட்டு வைத்து, மண் சற்று உலர்ந்தபின் திருத்திக்கொள்ளலாம். ஈர மண்ணை அன்றே மிதித்துக் கொத்தினால் அது இறுகிப்போகும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஒருவர் தோட்டத்து நீர் அடுத்தவர் நிலத்திலும் பொதுப் பாதையிலுமே இறங்குகின்றது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகை வட்டாரங்களில் பெய்த பெருமழையின்போது மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய மழைக்கு வீட்டுத் தோட்டத்து வாய்க்கால் ஈடுகொடுக்குமென்று சொல்வதற்கில்லை. எனினும் அடைபட்ட ஓடையும், வீட்டுக்கென்று செங்குத்தாக வெட்டி அணைப்பின்றி விட்ட கரையும் சாதாரண மழையிலேயே தங்கள் குணத்தைக் காட்டிவிடுகின்றன. வெயிலில் வந்து பார்வையிட்டுத் திரும்பும் அதிகாரிக்கு அவை தென்படா. ஐப்பசி பிறக்குமுன் மழை பெய்யும் ஒரு நாளில் நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரியும் ஓடை வழியே உடன் நடந்து, அடைப்புள்ள இடங்களைக் குறித்துக்கொள்வாராக.