டிரம்ஸ் தம்பியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பாட்டு, பேண்ட் என்று அலையும் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் கடந்து போனால் வருத்தமில்லை.

என் மகள் வயிற்றுப் பேரன் திருச்சியில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கிறான். நாலு பேராகச் சேர்ந்து ராக் பேண்ட் வைத்திருக்கிறார்கள். ஒருவன் கிட்டார், ஒருவன் பேஸ் கிட்டார், ஒருவன் பாடுகிறான், ஒருவன் டிரம்ஸ். ஒத்திகை எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில். அந்த இசை எனக்குப் பிடிக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். வாழ்நாளெல்லாம் ஆறாம் வகுப்புச் சத்தத்தில் இருந்தவளுக்கு அது பெரிய சத்தமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சொந்தமாக மூன்று பாட்டு கட்டியிருக்கிறார்கள். ஸ்டூடியோவுக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை. அதனால் வீட்டிலேயே பதிவு செய்வோம் என்று ஆளுக்கு 6,000 போட்டு 24,000 சேர்த்தார்கள். பேரன் பட்டியலோடு வந்தான். இரண்டு மைக் சொருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, கண்டென்சர் மைக் ஒன்று, ஹெட்போன் ஒன்று. எல்லாம் ஒரே பெட்டியில் பெயர் பெற்ற கம்பெனியில் கிடைக்கிறதாம்.

"டிரம்ஸை எதில் பிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதை கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம் அம்மாச்சி. அசலைவிட சுத்தமா இருக்கும்."

டிரம்ஸ் தம்பி அங்கேதான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் என்னிடம் படித்த பையன். பெஞ்சில் தாளம் போட்டதற்காக எத்தனை நாள் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்! ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறப் போய்ச் சேர்த்த காசு அந்த 6,000. தன் கொட்டு இல்லாத பாட்டுக்கு அவன் பங்குக் காசு கொடுக்கிறான்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த காசில் எது நல்ல கருவி என்று எல்லாரும் கேட்கிறார்கள். எந்தப் பெட்டியை வாங்கினால் யார் வெளியே நிற்க வேண்டிவரும் என்று யாரும் கேட்பதில்லை. தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடும் பிள்ளைக்கு இரண்டு துளை உள்ள இன்டர்ஃபேஸ் தாராளம். பேண்டுக்கு நாலு வேண்டும். துளை குறைந்து பெயர் பெரியதாக இருப்பதைவிட, பெயர் சிறியதாக இருந்தாலும் நாலு துளை உள்ளதே மேல். இப்போதைய மலிவான பெட்டிகளில்கூட ஒலி 24 பிட்டில் சுத்தமாகப் பதிவாகிறது. தகரக் கொட்டகைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கணினி டிரம்ஸ் சுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான். நானும் கேட்டுப் பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை. ஆனால் இவன் பாட்டின் நடுவில் கொஞ்சம் முந்துவான், மற்ற மூவரும் அவன் பின்னால் ஓடுவார்கள். அந்த ஓட்டத்துக்குத்தான் கீழ்வீட்டுப் பிள்ளைகள் மாடிக்கு வருகிறார்கள்.

அடுத்தது மைக். கண்டென்சர் மைக் நுட்பமானது, இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கேட்கும். தொண்டையின் சிறு கமறலையும் பிடிக்கும். கூடவே தகரத்தில் புறா நடப்பதையும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் பிடிக்கும். நல்ல அறை இருப்பவர்களுக்கு அது வரம். எங்கள் கொட்டகைக்கு டைனமிக் மைக்தான் சரி. கிட்டே வைத்தால் கிட்டே உள்ளதைப் பிடிக்கும், கீழே விழுந்தாலும் எளிதில் சாகாது. சிம்பலின் மினுமினுப்பு கொஞ்சம் மங்கும். மங்கட்டும்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இசைத்தட்டு வீட்டில் நாலு டிராக் கேசட் கருவியில், சாதாரண டைனமிக் மைக்குகளில் பதிவானதுதான். பீட்டில்ஸ்கூட 1967-இல் நாலு டிராக்கில்தானே செய்தார்கள் என்று பேரன் ஆரம்பித்தான். அது அபே ரோடு ஸ்டூடியோ, தேர்ந்த பொறியாளர்கள். அதை நம் மொட்டைமாடியோடு சேர்க்காதே என்றேன்.

கடைசியில், ஒருவர் பயன்படுத்திய நாலு துளை இன்டர்ஃபேஸ் 11,000-க்குக் கிடைத்தது. விற்றவர் வீட்டிலேயே நாலு துளையிலும் மைக் சொருகிப் பார்த்துத்தான் காசு கொடுத்தோம். பழையது வாங்குபவர்கள் இதை விடாதீர்கள். மலிவான டைனமிக் மைக் மூன்று, மூடிய வகை ஹெட்போன் இரண்டு, ஸ்டாண்ட், கேபிள் எல்லாம் சேர்ந்து மீதிக் காசில் முடிந்தது. கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் பிள்ளைகள் ஒரு பைசாகூட ஒதுக்கியிருக்கவில்லை!

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர்களுக்கு விலை 60 டாலர். நாள் கடந்த பிறகும் திறக்கும் என்று பேரன் சிரித்தான். பாட்டு முடிந்ததும் கட்டிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றே மைக்கில் டிரம்ஸ் எப்படி என்றால், கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பொறியாளரின் பெயரில் ஒரு முறை இருக்கிறது. லெட் செப்பலின் முதல் இசைத்தட்டில் வேலை செய்தவர். பெரிய டிரம்முக்கு முன்னால் ஒரு மைக். ஸ்னேருக்கு நேர் மேலே ஒன்று, வாசிப்பவரின் வலப்பக்கம் ஒன்று. ஸ்னேரின் நடுவிலிருந்து இந்த இரண்டுக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதம். அந்த அளவு வித்தியாசத்திலேயே ஓர் அலை இன்னோர் அலையைத் தின்று, கொட்டு சோப்ளாங்கியாகிவிடும். என் தையல் பெட்டி நூலை எடுத்து நானே அளந்து கொடுத்தேன். வகுப்பில் ஒலி பாடம் நடத்தியபோதுகூட இவ்வளவு கவனமாக யாரும் என்னைப் பார்த்ததில்லை.

நாலாவது துளையில் கிட்டார் நேரடியாக, வழிகாட்டியாக. டிரம்ஸ் முடிந்ததும் பேஸ், கிட்டார், பாட்டு எல்லாம் ஒவ்வொன்றாக மேலே. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பைத் தரும் இலவச மென்பொருளே இருக்கிறது, அக்கம்பக்கத்தாரும் தூங்கலாம். பாடுகிறவன் தன் குரல் தாமதமாகக் கேட்கிறதென்று தவித்தான். பெட்டியிலேயே நேரடியாகக் கேட்க ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தியதும் சரியாயிற்று.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது, எதிரொலியையும் அவ்வளவாகக் குறைக்காது, தீப்பிடித்தால் ஆபத்து. பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டைக் கொடியில் தொங்கவிட்டோம். கொட்டகைக்குள் கைதட்டினால் வந்த 'டொய்ங்' பெருமளவு அடங்கிவிட்டது.

முதல் நாள் பதிவு படுமோசம். அளவை ஏற்றி வைத்து, ஓங்கி அடித்த இடமெல்லாம் கிழிந்துபோனது. இரண்டாம் ஞாயிறு, சத்தம் உச்சிக்கு வந்தாலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்படி வைத்தார்கள். ஒரு பாட்டு முடிந்திருக்கிறது. பெரிய டிரம் இன்னும் மெலிவாகத்தான் கேட்கிறது. கம்ப்யூட்டரில் போட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் என்று பேரன் இப்போதும் சொல்கிறான். டிரம்ஸ் தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் கொட்டை மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டு, "டீச்சர், ரெண்டாவது சரணத்துல தப்பு. திரும்ப அடிக்கிறேன்" என்றான்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் பதிவு. தலைக்கு மேலே மைக் வைக்க உயரமான பூம் ஸ்டாண்ட் ஒன்று குறைகிறது. இப்போது ஒரு மைக் துடைப்பக் கட்டையில் நிற்கிறது. திருச்சிப் பக்கம் யாரிடமாவது சும்மா கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.