சிறு ஊருக்கு ஒரு சிறு ரயில்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ரயில் என்றதும் நம் நெஞ்சில் ஓடி வருவது சென்னைக்குச் செல்லும் நீண்ட எக்ஸ்பிரஸ் வண்டி. நான் எழுத விரும்புவது அதைப் பற்றி அல்ல. ஒன்றோ இரண்டோ பெட்டிகளுடன், ஊருக்கு ஊர் நின்று, கூடைக்காரியையும் மாணவனையும் ஏற்றிச் செல்லும் எளிய வண்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

என் ஊர் உவரி. அந்தோனியார் கோயிலுக்கும் கப்பல் மாதா கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வருகின்றவர்கள் எங்கள் ஊரை நன்கு அறிவார்கள். ஆனால் ரயில்வே கால அட்டவணை எங்கள் ஊரை அறியாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பக்கம் திருச்செந்தூருக்குப் போக வேண்டும். மறுபக்கம் வள்ளியூருக்குப் போக வேண்டும்.

என்றுமே இப்படித்தான் இருந்ததா? இல்லை. முதல் உலகப் போர்க் காலத்திலேயே எங்கள் பக்கத்து ஊரான திசையன்விளைக்கு ரயில் வந்துவிட்டது! திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் பாதை திறக்கப்பட்டதே 1923ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை ஆகிய ஊர்களை இணைத்து இரண்டடி அகலமே உள்ள குறும்பாதையில் ஒரு குட்டி ரயில் ஓடியது. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே என்பது அதன் பெயர். பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்த பாரி கம்பெனியாரின் ஆலைத் தொழிலை ஒட்டிப் பிறந்த பாதை அது. சரக்கோடு மக்களும் அதில் பயணம் செய்தார்கள். 1940ஆம் ஆண்டோடு அந்த வண்டி நின்றுபோயிற்று. எங்கள் பாட்டியின் தகப்பனார் அதில் ஏறியவராம். ஏறினார் என்பது மட்டுமே எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் செய்தி.

அந்த ரயில் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஓர் ஆலைக்காகப் பிறந்த பாதைக்கு, ஆலை போன பின்பு ஆதரவு இல்லை. இரண்டடிப் பாதை, திருச்செந்தூருக்கு வந்த மீட்டர் பாதையோடு ஒட்டவும் இல்லை. ஒரு வண்டியின் சரக்கை இறக்கித்தான் மற்றொன்றில் ஏற்ற முடியும். இதற்கிடையில் சாலையில் பேருந்து வந்துவிட்டது. மக்களுக்குப் பயணம் தேவையில்லை என்பதாலா அந்த ரயில் நின்றது? அல்ல. மக்களுடைய பயணத்தைக் கணக்கில் வைத்து நடத்துவார் இல்லாமையால் நின்றது என்பதே என் எண்ணம்.

பேருந்துதான் இருக்கிறதே, ரயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் என் தாயாருடன் ஒருநாள் வந்து பார்க்கட்டும். விடியுமுன் கரையில் மீனை ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து அவர் சாலைக்கு வருவார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் டிக்கெட் இலவசமானாலும் கூடைக்கு இடம் கிடைப்பதில்லை. “நாற்றம் அடிக்கும், கூடையை ஏற்றாதே அம்மா” என்ற சொல்லை அவர் எத்தனை முறை கேட்டிருப்பார்! பாசஞ்சர் ரயிலின் வாசலோரத்தில் ஒரு கூடைக்கும், ஒரு கருப்பட்டிச் சிப்பத்துக்கும், ஒரு சைக்கிளுக்கும் இடம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட மிகுந்த மதிப்பெண் பெற்றவள் என் அக்கா. அவளுடைய படிப்பை நிறுத்தியது பணம் மட்டும் அல்ல. மாலையில் கல்லூரி விட்டு, இரண்டு பேருந்து மாறி, இருட்டிய பிறகு வந்து சேர வேண்டுமே என்ற அச்சமும்தான். நான் ஆண்பிள்ளை; விடுதியில் விட்டுவிட்டார்கள். வகுப்பில் உட்காரும்போது இந்த இடம் அவளுக்கு உரியது என்று பல நாள் எண்ணியிருக்கிறேன்.

இனி, உலகம் இதை எப்படித் தீர்த்தது என்று பார்ப்போம். பிரான்சு நாட்டில் சிற்றூர்ப் பாதைகளுக்கென்றே ‘ஒத்தோரை’ எனப்படும் ரயில் கார்கள் உண்டு. எஞ்சின் தனியாக இல்லை. பெட்டியின் அடியிலேயே டீசல் எஞ்சின். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை. ஆதலால் கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றித் திருப்பும் வேலை இல்லை. 1930களில் டயர் செய்யும் மிச்சலின் கம்பெனி, ரப்பர் டயர் பூட்டிய ரயில் காரையே ஓடவிட்டது. ஒரு டயர் தாங்கும் எடை குறைவு. ஆகவே சக்கரங்களைக் கூட்டி, பெட்டியை இலேசாகக் கட்டினார்கள். 1999இல் ஒரே பெட்டியில் சுமார் அறுபது பேர் அமரும் புதிய ரயில் கார்கள் அங்கே ஓடத் தொடங்கின. 2002 முதல் உள்ளூர் ரயில்களைத் திட்டமிடும் பொறுப்பு அந்தந்த மாநிலத்தைப் போன்ற வட்டாரங்களுக்கே வந்தது. ரயில் போகாத ஊர்களுக்கு அதே அமைப்பின் பேருந்து போகிறது.

அங்கும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. இந்தச் சிறு பாதைகளில் செல்வோர் மிகச் சிலர், செலவோ அதிகம் என்று 2018இல் அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை கூறியது. ஆனால் தலைநகரில் இருந்துகொண்டு சிற்றூர்ப் பாதைகளை மூடமாட்டோம் என்று அரசு பதில் சொல்லிற்று. அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து இலங்கையில் இரண்டு பேருந்துகளை முதுகோடு முதுகாக இணைத்து, ரயில் சக்கரம் பூட்டித் தண்டவாளத்தில் ஓட்டியிருக்கிறார்கள்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கும் சொல்கிறேன். எஃகுத் தண்டவாளத்தில் உருளும் எஃகுச் சக்கரத்துக்கு ஏற்படும் உருளல் உராய்வு, தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு ஏற்படுவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஐம்பது பேருக்காகப் பதினெட்டுப் பெட்டிகளை இழுத்தால் அந்த ஆதாயம் அத்தனையும் வீண். ஆளுக்கு ஏற்ற வண்டி என்பதே சிக்கனம்.

நம் நாட்டில் நடந்தது என்ன? கொரோனாவால் 2020இல் நின்ற பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். அதே மாதம் 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவியல் படிக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆயினும் குட்டி ரயில் ஓடிய அதே மண்ணிலிருந்து விண்ணுக்குப் பாதை போடுகிறோம். அடுத்த ஊருக்குப் போக ஒரு பாதை வேண்டாமா?

கிழக்குக் கடற்கரை ஓரமாகக் கன்னியாகுமரிக்கு ரயில் விட வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அது வரட்டும். வரும்போது திருச்செந்தூரில் ஏறி கன்னியாகுமரியில் இறங்குவோருக்கான விரைவு வண்டியாக மட்டும் வந்துவிடக் கூடாது. குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று நின்று செல்லும் இரண்டு பெட்டி வண்டியும் அதில் ஓட வேண்டும். மற்ற ரயில்களோடு இணையும் அகலப் பாதையாக இருக்க வேண்டும். குறும்பாதையின் பிழை மறுபடியும் வேண்டாம். அதுவரைக்கும் கோடி ரூபாய் தேவைப்படாத ஒரு காரியம் செய்யலாம். திருச்செந்தூரிலும் வள்ளியூரிலும் ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு ஒரு கடற்கரைப் பேருந்து காத்திருக்கட்டும். கூடைக்கு அதில் இடம் இருக்கட்டும்.

இத்தனை சிறிய ஊருக்கு ரயிலா என்று சிரிப்பவர்களுக்கு என் விடை இதுதான்: ஊர் சிறிது என்றால் ரயிலும் சிறிதாக இருக்கட்டும். ஆனால் நாள்தோறும் வரட்டும், நேரத்துக்கு வரட்டும். அக்காவுக்கு அது வராமல் போயிற்று. இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் என் தங்கைக்காவது வந்து சேரட்டும்!