அம்பு அவரைக் கொல்லவில்லை, மக்கா!

செபஸ்தியார் எப்படிச் செத்தார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளை விடுங்கள், உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "மரத்தில் கட்டி வைத்து அம்பு எய்து கொன்றார்கள்" என்றுதான் பதில் வரும். பாறசாலையில் கேட்டாலும் நெய்யாற்றின்கரையில் கேட்டாலும் இதே பதில்தான். அங்கிருந்து கிளம்பி துபாயிலோ டொரண்டோவிலோ செட்டில் ஆகிவிட்ட நம் ஆட்களிடம் கேட்டாலும் இதேதான். சுரூபத்தில் அப்படித்தானே இருக்கிறது?

பதில் தப்பு. அம்பு அவரைக் கொல்லவில்லை. அம்பிலிருந்து அவர் பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் தானாகவே போய் ராஜாவின் எதிரில் நின்று பேசினார். அப்போதுதான் தடியால் அடித்துக் கொன்றார்கள்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? வித்தியாசம் இருக்கிறது. கதையின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பாதியை நாம் வசதியாகத் தொலைத்துவிட்டோம் என்பதுதான் என் வழக்கு. தொலைத்ததில் ஊரில் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் இருக்கும் நமக்குத்தான் லாபம் அதிகம். இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை.

முதலில் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். செபஸ்தியார் ரோமாபுரிப் படையில் அதிகாரி, அதுவும் சக்கரவர்த்தி தியோக்ளேசியனின் மெய்க்காவல் படையில். தியோக்ளேசியன் ஆண்டது 284 முதல் 305 வரை. வேதத்துக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கு இவர் ரகசியமாகத் தைரியம் சொல்லி வந்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் வில்லாளிகளிடம் ஒப்படைத்தார்கள். உடம்பெல்லாம் அம்பு. செத்தார் என்று நினைத்து விட்டுப் போனார்கள். அடக்கம் பண்ண வந்த ஐரீன் என்கிற விதவை, மூச்சு இருப்பதைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காயத்துக்கு மருந்து போட்டுப் பிழைக்க வைத்தாள்.

இனிமேல்தான் விஷயமே. உடம்பு தேறிய மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? ஊரைவிட்டு ஓடியிருக்கலாம். கூட இருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்களாம். அவர் ஓடவில்லை. சக்கரவர்த்தி வரும் வழியில், படிக்கட்டுப் பக்கத்தில் போய் நின்றார். நிரபராதிகளை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். செத்தவன் எழுந்து வந்தது போல நின்றவரைப் பார்த்து சக்கரவர்த்தி அரண்டுதான் போயிருக்க வேண்டும். இந்தத் தடவை தப்பவிடவில்லை. தடிகளால் அடித்துக் கொன்று, உடலை நகரத்துச் சாக்கடையில் எறிந்தார்கள். லூசினா என்கிற இன்னொரு பெண் அதை மீட்டு அடக்கம் செய்தாள். ரோமாபுரியின் அப்பியா சாலையில் அவர் பெயரில் இன்றும் கோயில் இருக்கிறது.

"இதெல்லாம் வரலாறா, கட்டுக்கதையா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: 354-ஆம் வருஷத்து ரோம் நாட்காட்டியிலேயே ஜனவரி 20-இல் செபஸ்தியார் பெயர் இருக்கிறது. அவர் மிலான் ஊர்க்காரர் என்று அந்த ஊர் ஆயர் அம்புரோஸ் 4-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன விவரமான கதை 5-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில் கற்பனை கலந்திருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள். கற்பனைதான் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கற்பனையைச் செய்தவர்கள் தங்கள் வேதசாட்சியை அம்போடு சாகவிடவில்லை. திரும்பிப் போய்ப் பேச வைத்தார்கள். அந்தப் பகுதிதான் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்பு குத்திய வாலிபன் என்கிற உருவமே ரொம்பப் பிந்தி வந்தது. ரோமில் ஒரு கோயிலில் 7-ஆம் நூற்றாண்டு மொசைக் படம் இருக்கிறது. அதில் அவர் தாடி வைத்த வயசாளி. உடம்பில் அம்பு கிடையாது.

பிறகு அம்பு எப்படி ஜெயித்தது? கொள்ளைநோயால். பழைய கிரேக்கக் கதையில் அப்போலோ தேவன் அம்பு எய்துதான் கொள்ளைநோயைக் கொண்டுவருவான். கண்ணுக்குத் தெரியாமல் எங்கிருந்தோ வந்து குத்துகிற நோய்க்கு அம்பு பொருத்தமான உவமைதானே. அம்பு தைத்தும் சாகாதவர் நோயிலிருந்தும் காப்பார் என்று ஜனங்கள் நம்பினார்கள். 680-இல் இத்தாலியின் பாவியா நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது அவருக்குப் பீடம் எழுப்பியதாக ஒரு பழைய வரலாற்று நூல் சொல்கிறது.

அதே நம்பிக்கை கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. வைசூரியும் வாந்திபேதியும் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரி இல்லை, தடுப்பூசி இல்லை. அம்பை வீடு வீடாகக் கொண்டுபோய் முத்தி செய்ய வைத்தார்கள். ஆலப்புழைப் பக்கம் அர்த்துங்கல் கோயிலுக்கு இன்றைக்கும் சபரிமலை போய்த் திரும்புகிறவர்கள் வந்து மாலை கழற்றுகிறார்கள். சாதி மதம் பார்க்காமல் எல்லாரையும் பயமுறுத்திய நோய், எல்லாரையும் ஒரு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. எங்கள் கோட்டுகால் பக்கம் எடுத்துக்கொண்டால், ஒரு புறம் பாலராமபுரத்தில் செபஸ்தியார் கோயில், மறுபுறம் விழிஞ்ஞம் கடற்கரை. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்த எல்லைக் கிராமங்கள் இவை. இரண்டு பாஷையிலும் அவரைக் கூப்பிட ஆள் உண்டு.

ஆகவே, நாலு புத்தகம் படித்துவிட்டு "அம்பு முத்துவதெல்லாம் மூடநம்பிக்கை" என்று வாட்ஸாப்பில் சிரிப்பவர்களோடு நான் இல்லை. பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது கையில் வேறு எதுவும் இல்லாத தாய் பிடித்துக்கொண்ட அம்பு அது. 2020-இல் கொரோனா வந்தபோது, எல்லாப் புத்தகமும் படித்தவர்கள் என்னென்ன செய்தோம் என்பது ஞாபகம் இருக்கும்தானே. :-)

என் சண்டை சிரிப்பவர்களோடு அல்ல. கும்பிடுகிற நம்மோடுதான்.

நாம் செபஸ்தியாரிடம் என்ன கேட்கிறோம்? விசா, வேலை நிரந்தரம், பிள்ளைக்கு மெடிக்கல் சீட், வீட்டு லோன். கேட்கட்டும், கேட்பதில் தப்பில்லை. கிடைத்ததும் என்ன செய்கிறோம்? கொடிமரத்துக்கு ஒன்று, மணிக்கூண்டுக்கு ஒன்று, வெடிக்கட்டுக்கு ஒன்று என்று பணம் அனுப்புகிறோம். குருசடிக்கு கிரானைட் போடுகிறோம். கிரானைட்டில் புனிதர் பெயரைவிட நம் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று போட்டோவில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். இதையும்கூட மனித சுபாவம் என்று விட்டுவிடலாம்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. 2022-இல் விழிஞ்ஞத்தில் அதானி துறைமுகத்தின் வாசலை மீனவர்கள் மறித்தார்கள். ஆகஸ்ட் 16 முதல் டிசம்பர் 6 வரை. திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் முன்னால் நின்றது. கடல் வீட்டைத் தின்றுவிட்டதால் வலியதுறையில் சிமெண்ட் கோடவுனுக்குள் வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. அவர்களுக்கு வீடு கொடு, கட்டுமானத்தை நிறுத்திவிட்டுக் கடலரிப்பை ஆராய்ந்து சொல் என்பவை அவர்கள் கோரிக்கைகளில் சில. துறைமுகம் வேண்டும் என்று எதிர்ப்பக்கம் ஊர்வலம் போனவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்பதில் நீங்களும் நானும் மாறுபடலாம். அது இருக்கட்டும்.

அப்போது வெளிநாட்டு நம்மவர்கள் பலர் சொன்னது என்ன? "அச்சன்மாருக்கு எதற்கு இந்த வேலை? பூசை வைத்தோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே. கோயிலுக்கு எதற்கு அரசியல்?" கோரிக்கை தப்பு என்று யாராவது வாதம் செய்திருந்தால் மரியாதையோடு கேட்டிருப்பேன். இவர்கள் சொன்னது அதுவல்ல. கேட்பதே தப்பு என்றார்கள். சொன்னவர்களில் பலர் அடுத்த ஜனவரியில் செபஸ்தியார் திருநாளுக்குத் தவறாமல் நேர்ச்சைப் பணம் அனுப்பியவர்கள்.

அய்யா, நீங்கள் யாருக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்று தெரிந்துதான் அனுப்புகிறீர்களா? சக்கரவர்த்தியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே, சக்கரவர்த்தி போகிற வழியை மறித்துக் கேள்வி கேட்டவர் அவர். "உனக்கு எதற்கு அரசியல்" என்று அவரிடம் சொல்லியிருந்தால் மெய்க்காவல் படையில் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாகச் செத்திருப்பார். ஆனால் அவருக்கு இன்று குருசடி இருந்திருக்காது.

அதேபோல இன்னொரு தரப்புக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பர் 27-இல் விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது, போலீஸ்காரர்கள் பலர் காயம்பட்டார்கள். அதை செபஸ்தியார் கணக்கில் எழுத முடியாது. அவர் படைவீரர், ஆயுதம் பிடிக்கத் தெரிந்தவர். ஆனாலும் படிக்கட்டில் வெறுங்கையோடுதான் நின்றார். தடி இருந்தது எதிராளிகள் கையில்.

இலங்கை வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் குண்டு வெடித்த கோயில் புனித செபஸ்தியார் கோயில். அங்கு மட்டும் 100 பேருக்கு மேல் செத்தார்கள். சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர். பிழைத்தவர்கள் "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று ஆட்சியாளர்களை விடாமல் கேட்டார்கள். நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்றம், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கடமை தவறினார் என்று தீர்ப்புச் சொல்லி, 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. செபஸ்தியார் கதையின் பின்பாதியை அந்தக் குடும்பங்கள் தெரு வரைக்கும் கொண்டுவந்துவிட்டன. தாக்குதலிலிருந்து பிழைத்தவன் திரும்பிப் போய்க் கேட்பது என்பது இதுதான்.

நமக்கு இது புதுசும் அல்ல. பாறசாலையிலிருந்து அதிக தூரம் இல்லாத நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டனை நினைத்துப் பாருங்கள். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் வேதத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏன் கொன்றார்கள் என்பதில் வரலாறு எழுதியவர்களுக்குள் தகராறு உண்டு. ஆனால் 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரையும் சமமாக நடத்தினார் என்பதைத்தான் திருச்சபை அழுத்திச் சொன்னது. 'பிள்ளை' என்கிற சாதிப் பட்டத்தையும் அவர் பெயரிலிருந்து வத்திக்கான் எடுத்துவிட்டது. நம்மவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள்? தாகத்தில் முட்டியால் இடித்ததும் தண்ணீர் வந்த புலியூர்க்குறிச்சிப் பாறையை. சமபந்தி உட்கார்ந்ததை மறந்தாயிற்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அடுத்த நூற்றாண்டில், சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயிலுக்குள்ளேயே சுவர் வைத்துப் பிரித்தார்கள் என்பதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சுவர் போய்விட்டது. நம் கல்யாண விளம்பரங்களில் சாதி போயிற்றா?

அற்புதத்தை வைத்துக்கொள்வது, கேள்வியைக் கழற்றிவிடுவது. செபஸ்தியாருக்கும் அதுதான் நடந்தது, தேவசகாயத்துக்கும் அதுதான்.

நமக்கு இது ஏன் தோதாக இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். அடுத்தவன் நாட்டில் இருக்கிறோம். விசா அவன் கையில். கூட வேலை பார்க்கும் பங்களாதேஷ்காரனுக்கு நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றாலும், "நமக்கெதுக்கு வம்பு" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டோம். எல்லாரும் வேலையை விட்டெறிந்துவிட்டு அரண்மனை வாசலில் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகுட்டி இருக்கிறவனுக்குப் பயம் இருப்பது நியாயம். ஆனால் நம் பயத்துக்குத் தோதாகப் புனிதரையும் பயந்தவராக்கி, மரத்தில் கட்டியே வைத்திருப்பது நியாயமில்லை. மேலும், ஐரீனுக்கும் லூசினாவுக்கும் அரண்மனையில் பேச வாய்ப்பு இல்லை. ஆனால் ஒருத்தி ராத்தியில் போய்க் காயம்பட்டவனைத் தூக்கி வந்தாள், இன்னொருத்தி சாக்கடையில் இறங்கினாள். சம்பளம் வராதவனுக்குப் புகார் மனு எழுதிக் கொடுக்கவாவது நமக்குக் கை இருக்கிறது. மெத்தப் படித்த கை.

ஆகவே கேட்டுக்கொள்வது இரண்டே விஷயம். அடுத்த ஜனவரி 20-க்கு ஊருக்குப் பணம் அனுப்பும்போது, பாதியை வெடிக்கட்டுக்குப் போகாமல் கடல் தின்ற வீட்டுக்காரன் ஒருவனுக்குப் போகிற மாதிரி எழுதி அனுப்புங்கள். அச்சன் முனகினாலும் பரவாயில்லை. இரண்டாவது, பிள்ளைகளுக்கு அம்பு முத்தக் கற்றுக்கொடுங்கள், தாராளமாக. கூடவே அந்தப் படிக்கட்டையும் தடியையும் சொல்லிக்கொடுங்கள். "அப்பா, அப்படியானால் நாம் ஏன் பேசவில்லை?" என்று அது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பாடு. நான் என் வீட்டில் இன்னும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.