காகிதம் மட்டும் போதுமா?



எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவது ஒரு சிறு பலகாரக் கடை. அம்மா முறுக்கும் அதிரசமும் சுடுவார். அப்பா கட்டிக் கொடுப்பார். 2019 ஜனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்தது. நாங்களும் அட்டைப் பெட்டிக்கு மாறினோம். ஆனால் 2021-இல் பெட்டியின் விலை ஏறியது. "காகிதத்துக்குமா பஞ்சம்?" என்றார் அம்மா.

ஆம், பஞ்சந்தான்! அட்டைப் பெட்டி பழைய காகிதத்திலிருந்தே பிறக்கிறது. அவ்வாண்டு சீனா கழிவுக் காகித இறக்குமதியை நிறுத்திவிட்டு, ஆயத்தமான பழுப்புத் தாளை நம் நாட்டிலிருந்து வாங்கலாயிற்று. கொரோனாவால் இங்கே பழைய காகிதம் சேர்வதும் குறைந்தது. எங்கோ போட்ட பூட்டு, நாமக்கல்லில் எங்கள் கல்லாப்பெட்டியைத் தொட்டது!

காகிதத்துக்கு மரம் ஒன்றே வழியன்று. காவிரிக்கு அக்கரையில், கரூர் மாவட்டக் காகிதபுரத்தில், 1979-இல் அரசு தொடங்கிய நிறுவனத்தின் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யக் காட்டியது. நம் ஊர் முட்டைத் தட்டைப் பாருங்கள். பழைய காகிதக் கூழ்தான். ஆயினும் 30 முட்டைகளைத் தாங்குகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குழி. அந்த வடிவமே அதன் வலிமை. குறைந்த பொருளில் நிறைந்த பயன் என்பது இதுவல்லவா?

ஆனால் காகிதம் என்றாலே நல்லது என எண்ணலாகாது. காகிதக் குவளையின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதைப் பிரித்து மீண்டும் கூழாக்குவது கடினம். அத்தகைய குவளையும் 2019 தடைக்குள் அடங்கும். செய்தித்தாளில் வடை மடித்தால் அச்சு மை உணவில் ஏறும்.

வாழையிலை இருக்கிறதே என்பீர்கள். மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் வாழைக்குக் குறைவில்லை. எனினும் ஆடிக்காற்றில் இலை கிழியும். முகூர்த்த நாளில் விலை ஏறும். ஆகவே எந்தப் பஞ்சமும் தீண்டாதது நம் வீட்டுப் பாத்திரமே. தூக்குவாளி கொண்டு வருவோருக்கு எங்கள் கடையில் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறோம். பெட்டிச் செலவு மிச்சமாவதால் எங்களுக்கும் நட்டமில்லை.

சென்ற ஆண்டு பள்ளி விழாவன்று மாலை, குப்பைக் கூடை காகிதக் குவளைகளால் நிரம்பி வழிந்தது. அவற்றுள் இரண்டு நான் எறிந்தவை. வெட்கப்பட்டேன். வரும் விழாவுக்கு ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் கொண்டு வருவோமா? மதிப்பிற்குரிய அருட்சகோதரியர் இசைவு தந்தால், கழுவி அடுக்கும் முதல் வேலையை எங்கள் வகுப்பே ஏற்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி