ஒரு டம்ளர் தண்ணீரும் புதிய சவரக்கத்தியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் ஒரு பரீட்சை நடத்தினோம். இடம், திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு காம்பவுண்டு. வரிசையாகப் பத்து அறைகள். பத்துக்கும் சேர்த்து ஒரே குழாய். அன்று அதில் தண்ணீர் வரும் முறையில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிறு காலையில் முகம் வழிப்பது வழக்கமல்லவா? பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஒற்றை பிளேடு பிளாஸ்டிக் சவரக்கத்தியை ஆளுக்கொன்றாக வாங்கி வந்தோம். ஒருவர் கத்தி இன்னொருவருக்கு ஆகாது.

பரீட்சைக்கு முகம் கொடுத்தவர்கள் நால்வர். ஓவர்லாக் டெய்லர் ஒருவர், கட்டிங் மாஸ்டர் ஒருவர், நிட்டிங் மிஷின் ஓட்டுபவர் ஒருவர்; நான்காமவர், காங்கயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன், விவசாயக் கூலி.

முடிவைச் சொல்லிவிடுகிறோம். முகம் சுத்தமாக வழிந்தது. ரத்தம் வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரே போதுமாயிருந்தது. இரண்டு முறை ஆட்டினால் சிக்கிய மயிர் கழன்றுவிடுகிறது. நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: “ஏனுங்க, நம்மூட்டுல தண்ணியில்லீங்கறது இந்தக் கத்தி செஞ்சவனுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

பெரிய கேள்வி! அதற்குப் பதில் இருக்கிறது, தோழர்களே.

அமெரிக்காவின் ஜில்லெட் கம்பெனி 2002ல் இந்தியாவுக்கென்று ‘வெக்டர்’ என்ற சவரக்கத்தியைக் கொண்டுவந்தது. சிக்கிய மயிரைத் தள்ளிவிட அதில் ஒரு பட்டை வைத்திருந்தார்கள். அதை எங்கே பரீட்சை செய்தார்கள்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம்! குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் இடம் அது. “பிரமாதம்” என்றார்கள் மாணவர்கள். கத்தி இங்கே வந்தது. ஒரு குவளைத் தண்ணீரில் முகம் வழிப்பவன் கையில் அது மயிர் அடைத்துக்கொண்டு நின்றது. இந்தியனின் முகத்தைத்தான் பரீட்சித்தார்களே தவிர, இந்தியனின் வீட்டைப் பரீட்சிக்கவில்லை.

2005ல் ஜில்லெட்டை ப்ராக்டர் அண்ட் கேம்பிள் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. 2008ல் என்ஜினீயர்களும் அதிகாரிகளும் இங்கே வந்தார்கள். ஏறக்குறைய 3,000 மணி நேரம், ஆயிரம் பேருக்கு மேல், வீடுகளிலும் கடைகளிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். தரையில் குந்தியிருக்கும் மனிதன், மங்கிய வெளிச்சம், கையகலக் கண்ணாடி, ஒரு குவளைத் தண்ணீர். பார்த்ததைக் கணக்கிட்டுப் புதிய கத்தியைச் செய்தார்கள். உயர்ந்த ரகக் கத்தியில் 25 பாகங்கள். இதில் நாலே பாகங்கள். ஒரே பிளேடு. காயம் படாமலிருக்க ஒரு சீப்பு. மயிர் எளிதில் கழல அகலமான இடைவெளி. ஆணியில் மாட்டக் கைப்பிடியில் ஒரு துளை. 2010 அக்டோபரில் ‘ஜில்லெட் கார்டு’ என்ற பெயரில் 15 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது; மாற்று பிளேடு 5 ரூபாய்.

அந்த அண்ணனின் கேள்விக்குப் பதில் இதுதான். நம் வீட்டில் தண்ணீர் இல்லை என்பதை அவர்கள் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த உழைப்பை நாம் மெச்சுகிறோம். ஆனால், “ஏன் தண்ணீர் இல்லை?” என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நம்முடைய இல்லாமை அவர்களுக்கு ஓர் அளவுகோல். அந்த அளவுக்குப் பொருளை வெட்டித் தைத்து விற்றார்கள். லாபத்தின் கண் அவ்வளவு தூரம்தான் பார்க்கும்.

அந்தக் கேள்வியை நாம் கேட்போம். திருப்பூருக்குத் தண்ணீர் வரவே இல்லையா? வந்தது! இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், தனியார் பங்குடன் பெரும் திட்டம் போட்டு, பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். அதில் பெரும்பகுதி யாருக்கு? சாய, சலவைப் பட்டறைகளுக்கு. மிச்சம்தான் நகரத்துக்கும் கிராமங்களுக்கும்.

பட்டறைக்குப் போன தண்ணீர் என்னவாயிற்று? சாயமாகவும் உப்பாகவும் நொய்யலில் இறங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டி 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாக மாறிற்று. கீழே நிலங்கள் பாழாயின, கிணறுகள் கெட்டன. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28ந் தேதி, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கத்தி கடைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது! அப்போதும் அடிபட்டவர் யார்? நிலம் கெட்ட விவசாயக் கூலியும், பட்டறை மூடியதால் வேலை இழந்த தொழிலாளியும்தான். லாபம் பார்த்தவர் வேறு. நஷ்டம் சுமந்தவர் வேறு.

இன்னொன்றும் அந்த அண்ணன் சொன்னார். சொந்தக் கத்தி இருப்பது நல்லது என்றார். அவர் ஊர் சலூனில் அவருடைய தெருக்காரர்களை உட்கார வைப்பதில்லையாம். அதற்காகச் சவரத் தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூலிக்குக் கத்தி பிடிக்கும் அந்த ஏழைக்கு, “அவர்களுக்கு வெட்டினால் உன் கடைக்கு வரமாட்டோம்” என்று மிரட்டுகிறவர்கள் ஊர்ப் பெரியதனக்காரர்கள். 1948 நவம்பர் 29ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், ‘கடை’ என்ற சொல் உள்ளே நுழைவதை மட்டுமல்ல, அங்கே கிடைக்கும் சேவையைப் பெறுவதையும் குறிக்கும் என்று விளக்கினார். தீண்டாமையைக் குற்றமாக்கி 1955லேயே சட்டம் வந்துவிட்டது. ஐந்து ரூபாய் பிளேடு வீட்டிலிருக்கிறது என்பதற்காக அந்த உரிமையை விட்டுவிடலாமா? கூடாது. வீட்டில் வழிப்பது அவருடைய சௌகரியமாக இருக்கட்டும். கதவடைப்பின் விளைவாக இருக்க வேண்டாம்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பெனியைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட், பிளேடு விற்பதற்கு முன்னால் 1894ல் ஒரு புத்தகம் எழுதினார். போட்டியே வறுமைக்குக் காரணம், தொழில்களெல்லாம் மக்களுக்கே சொந்தமான ஒரே அமைப்பின் கீழ் வர வேண்டும் என்று அதில் வாதாடினார்! 1903ல் அவர் கம்பெனி விற்றது 51 கத்திகளும் 168 பிளேடுகளும். மறு வருஷம் 90,000 கத்திகளுக்கு மேல். பிளேடு உலகமெங்கும் போயிற்று. கனவு புத்தகத்தோடு நின்றது. தனி மனிதரின் நல்லெண்ணம் மட்டும் உலகை மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

ஆகவே நாம் சொல்வது இது. கத்தி நல்லது, வாங்கலாம், வழிக்கலாம். அதைச் செய்த முறையிலிருந்து கற்கவும் வேண்டும். ஐந்து ரூபாய் பிளேடு விற்பதற்காக ஒரு கம்பெனி 3,000 மணி நேரம் நம் வீடுகளில் உட்கார முடிந்தது. தண்ணீர்த் திட்டம் தீட்டும் அதிகாரிகள் ஒரே ஒரு காலைப்பொழுது ஒரு காம்பவுண்டில் வந்து உட்காரட்டும். கம்பெனி நடத்துகிறவர் ஒரு ஷிப்டு முழுவதும் பவர் டேபிள் முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அவர்கள் தாமாக வரமாட்டார்கள். 1984ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் வீட்டு அடுப்பின் கணக்கை அன்று எவரும் வந்து எடுக்கவில்லை. நாமே எடுத்துச் சொன்னோம். தண்ணீர்க் கணக்கையும் நாமே எடுப்போம். எத்தனை அறைக்கு எத்தனை குழாய், எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை குடம்? காம்பவுண்டு காம்பவுண்டாக எழுதுவோம். எழுதியதைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் முகம் வழிக்கலாம். குடும்பம் நடத்த முடியாது.